மாடியில் நின்ற மீன்முள் ஆன்டெனா: யார் இந்த யாகி?

1987-ல் ராமாயணம் தொடர் ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளை வடலூர், நெய்வேலி பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் ஒருவர் மாடி ஏறித் திருப்பணும், இன்னொருவர் கீழே நின்று படம் தெரியுதா இல்லையான்னு கத்தணும். மாதச் சந்தா கிடையாது. தூர்தர்ஷன் சிக்னலைப் பிடிக்க மீன்முள் மாதிரி ஒரு அலுமினிய ஆன்டெனா போதும். அதன் பெயர் யாகி. அது ஒரு ஜப்பானியப் பேராசிரியரின் பெயர்.

யாகியும் உடாவும்

ஹிடெட்சுகு யாகி 1886-ல் ஒசாகாவில் பிறந்தார். செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருடைய ஆய்வகத்தில் சோதனைகளைப் பெரும்பாலும் செய்தவர் ஷிண்டாரோ உடா.

விஷயம் எளிமையானது. ஆன்டெனாவில் ஒரு கம்பிக்கு மட்டும்தான் டிவி வயர் இணைப்பு. பின்னால் இருக்கும் சற்று நீளமான கம்பி, அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் இருக்கும் குட்டையான கம்பிகள் அலையைக் குவித்துக் கொடுக்கும். அதனால்தான் குட்டைக் கம்பிகள் டவரைப் பார்த்து நிற்கணும்.

பெயர் யாருக்கு?

1926-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஆனால், காப்புரிமை யாகி பெயரில் பதிவானது. உடா ஜப்பானிய மொழியில் எழுதினார். 1928-ல் யாகி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைதான் உலகம் முழுக்கப் போனது. அதில் உடாவின் உழைப்பை அவர் குறிப்பிட்டிருந்தார். இருந்தும் மக்கள் வாயில் நின்றது யாகி மட்டும்தான்.

சொந்த ஊரில் யாகிக்கும் மதிப்பு உடனே வரவில்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பான் ராணுவம், பிரிட்டிஷாரின் ரேடார் குறிப்புகளில் யாகி என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பியது. அது தங்கள் நாட்டுக்காரர் பெயர் என்பதை ஒரு கைதிதான் சொன்னார். 1956-ல் ஜப்பான் அவருக்குக் கலாசார விருது அளித்தது.

உடாவுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. 1950-களில் யுனெஸ்கோ நிபுணராக டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

1976 ஜனவரியில் யாகியும், ஆகஸ்டில் உடாவும் இறந்தார்கள். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கி அப்போதுதான் ஒரு வருடம். இப்போது கேபிள், டிஷ், மொபைல் வந்து மாடி ஆன்டெனாக்கள் காணாமல்போய்விட்டன. பொறியியல் பாடப் புத்தகத்தில் மட்டும் கணக்கு நேராகியிருக்கிறது: அங்கே அதன் பெயர் யாகி-உடா ஆன்டெனா.