'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம்: ஒலிம்பிக் தகுதியை வென்றும் ஒலிம்பிக் போகாத கோல்காவலர்

'ஓலா போலா' படம் பார்த்தவங்களுக்கு முத்துவைத் தெரியும். 2016-இல் வந்த அந்தப் படத்தில் மலேசிய அணியின் கோல்காவலராக வரும் தமிழ் இளைஞன்தான் முத்து. அது கற்பனைக் கதாபாத்திரம். ஆனால், அந்தக் காலத்தில் மலேசியக் கோலைக் காத்த நிஜத் தமிழரின் பெயர் ஆர். ஆறுமுகம். இன்றைய இளைஞர்களில் பலருக்கு முத்துவைத் தெரிகிறது, ஆறுமுகத்தைத் தெரியவில்லை.

யார் இந்த ஆறுமுகம்?

1953 ஜனவரி 31-ஆம் தேதி போர்ட்டிக்சனில் பிறந்தவர். 1970-களின் தொடக்கத்தில் தேசிய அணிக்குள் வந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா விளையாடி முடித்திருந்த நேரம் அது. அந்த அணியில் ஆறுமுகம் இல்லை. அடுத்த ஒலிம்பிக் வாய்ப்பு வரும்போது தானும் இருப்போம் என்று நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. வாய்ப்பு வந்தது, அவரும் இருந்தார். என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கைகள் நீளம். கோலின் மூலைக்குப் போகும் பந்தையும் எட்டிப் பிடிப்பார். அதனால்தான் ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முன்னால் நின்ற இருவர்

கோல்காவலரைப் பற்றிப் பேசும்போது தற்காப்பு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆறுமுகத்துக்கு முன்னால் நின்றவர்கள் 'தௌக்கே' என்று அழைக்கப்பட்ட சோ சின் ஆன், சந்தோக் சிங். தேசிய அணியில் மட்டுமில்லை, சிலாங்கூரிலும் இவர்கள் ஒன்றாக ஆடியவர்கள். எதிரணிக்காரர் இந்த இரண்டு பேரைத் தாண்டி வந்தால்தான் ஆறுமுகத்தைப் பார்க்கவே முடியும்.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். 1992 வரைக்கும் சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல்காவலர் கையால் எடுக்கலாம். இப்போது எடுத்தால் ஃப்ரீ கிக். நெருக்கடி வந்தால் தற்காப்பு ஆட்டக்காரர் யோசிக்காமல் பின்னால் தட்டிவிடுவார், கோல்காவலர் அள்ளிக்கொள்வார். இதற்கு இரண்டு பக்கமும் நம்பிக்கை வேண்டும். மழையில் சேறான திடலில் பந்து எங்கே நிற்கும், எங்கே சறுக்கும் என்று யாருக்கும் தெரியாது. பல வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்குத்தான் அது பழக்கப்படும்.

பலன் பதக்கமாக வந்தது. 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வடகொரியாவை 2-1 என்று வென்று வெண்கலம் எடுத்தது. 1977 சீ விளையாட்டு இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 2-0, 1979-இல் ஜகார்த்தாவிலேயே இந்தோனேசியாவை 1-0 என்று வென்று தங்கம். அந்த இரண்டு இறுதியாட்டத்திலும் மலேசியா ஒரு கோல்கூட விடவில்லை!

பினாங்குக்காரர்களுக்கு அவர் யார்?

நேர்மையாகச் சொன்னால், எதிரணிக்காரர். 1974-இல் பினாங்கு பேராக்கை வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியது. அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கிண்ணம் ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பி வரவில்லை. மாறாக, சிலாங்கூர் 1975, 1976, 1978, 1979 என்று வரிசையாக அள்ளியது. பினாங்கின் இசா பாக்கார், ஷஹாருடின் அப்துல்லா போன்ற தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கு மாநில ஆட்டம் என்றால் சிலாங்கூர் எதிரி. தேசியச் சட்டை போட்டுவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரே அணி.

1980 ஏப்ரல் 6

கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம். எதிரே தென்கொரியா. மலேசியா முதலில் கோல் போட்டது, கொரியா சமன் செய்தது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். இரண்டு பேருமே சபாக்காரர்கள். 2-1. அரங்கம் அதிர்ந்தது.

மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர், சபாக்காரர் என்று எல்லாரும் கலந்த அணி அது. ஒற்றுமைக்கு உதாரணம் என்று இன்று மேடைதோறும் சொல்கிறோம். அவர்களுக்கு அன்று அது வெறும் அணிதான், கொரியாவை ஜெயிக்க வேண்டிய அணி.

அப்புறம் ஏன் போகவில்லை?

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி அமெரிக்கா அழைப்பு விடுத்தது. பல முஸ்லிம் நாடுகளும் சோவியத் மீது கோபத்தில் இருந்தன. பிரதமர் ஹுசேன் ஓன் காலத்து மலேசியாவும் புறக்கணிப்பில் சேர்ந்தது. திடலில் ஜெயித்த இடம் ஈராக்குக்குப் போனது. ஈராக் காலிறுதி வரை முன்னேறியது என்பது இன்னும் கொஞ்சம் வலிக்கும் தகவல்.

அரசின் முடிவு சரியா தப்பா என்று இப்போது வாதாடலாம், அதற்கு இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் விலை கொடுத்தது அந்த ஆட்டக்காரர்கள்தான். ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27, கோல்காவலருக்கு நல்ல பருவம். மலேசியக் காற்பந்து அணி அதற்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

35 வயதில்

1980-களின் நடுப்பகுதி வரை அவர் ஆடினார். 1988 டிசம்பர் 18-ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். வயது 35.

இரண்டரை வருடம் கழித்து, 1991 ஜூலையில், அதே அணியின் நட்சத்திரமான மொக்தார் டஹாரி நோயால் காலமானார். அவருக்கு வயது 37. இருவரும் 'ஓலா போலா'வைப் பார்க்கவில்லை. படம் திரைக்கு வந்தபோது ஆறுமுகம் இறந்து 27 வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் நின்று பந்தைத் தடுத்த சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் அதைப் பார்க்க இருந்தார்கள்.