களத்தின் ஓரத்தில் நின்ற ஆசான்: ஹாரி குரோ பக்

கூடைப்பந்தாட்டக் களத்தில் ஓர் அணியின் சார்பில் ஆடுவோர் ஐவர். மாற்றாட்டக்காரர்களையும் சேர்த்தால் பன்னிருவர். வெற்றி பெற்ற நாளில் நாம் தோளில் தூக்கிக் கொண்டாடுவதும், மறுநாள் நாளிதழில் தேடிப் பார்ப்பதும் இந்தப் பன்னிருவரின் பெயர்களைத்தாம். ஆயின் ஓர் அணி ஒரு பருவத்தைக் கடந்து வருவதற்குள் எத்தனை கைகள் உழைக்கின்றன! கல்லூரி திறந்ததும் விடியற்காலையில் களத்தில் வந்து நிற்கும் பயிற்சியாளர், பயணச்சீட்டும் தங்குமிடமும் தேடி அலையும் மேலாளர், மழை ஓய்ந்ததும் நீரைத் துடைத்து வெண்கோடு இழுக்கும் மார்க்கர், சுளுக்கிய கணுக்காலுக்குக் கட்டுப் போடுபவர், கரை மேசையில் அமர்ந்து புள்ளி குறிப்பவர், இருபத்து நான்கு நொடிக் கடிகாரத்தை இயக்குபவர் என்று அந்த வரிசை நீளும். கல்லூரிகளுக்கிடையிலான போட்டி, தென்மண்டலப் போட்டி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்று படிப்படியாக ஏறிச் செல்லும் பருவத்தின் ஒவ்வொரு படியிலும் இவர்கள் உண்டு. கோப்பையில் பெயர் பொறிக்கும் போது மட்டும் இருப்பதில்லை.

களத்தின் ஓரத்தில் நிற்கும் அந்தப் பணியையே ஒரு கல்வித் துறையாக நம் மண்ணில் நிலைநிறுத்திய ஒருவரை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர் ஹாரி குரோ பக்.

1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர் பக். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி பயின்றார். அப்பள்ளியின் சிறப்பைச் சற்று விரித்துரைத்தல் தகும். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது சலித்துப் போன ஒரு வகுப்பை அடக்குவதற்கென ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் ஓர் ஆட்டத்தைப் புனைந்தது அங்கேதான். பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடி விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். ஒரு கால்பந்தை எடுத்துக் கொடுத்தார். பதின்மூன்று விதிகளை எழுதித் தொங்கவிட்டார். கூடை அன்று தற்செயலாகப் பத்தடி உயரத்தில் அமைந்தது. இன்றளவும் அந்தப் பத்தடி மாறவில்லை. கூடைப்பந்து ஒரு ஆசிரியரின் வகுப்பறைச் சிக்கலிலிருந்து பிறந்தது என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் சற்றே பெருமிதத்துடன் எண்ணிக்கொள்ளலாம். ஆட்டக்காரனுக்கு முன்பே ஆசான் வந்துவிட்ட ஆட்டம் அது!

அந்த மரபில் பயின்ற பக் 1919ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்துப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் டிரில். ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் கையில் பிரம்புடன் நின்று கட்டளையிட, பிள்ளைகள் கைகால்களை நீட்டி மடக்குவர். கட்டளையிடுவோரை மற்ற ஆசிரியர்கள் தமக்கு இணையாகக் கருதியதில்லை. ஊதியமும் அதற்கேற்பவே இருந்தது. விளையாட்டு என்பதோ, ஆடத் தெரிந்த சிலர் ஆட, மற்றவர் வேலியோரம் நின்று பார்ப்பதாக இருந்தது.

இதனை மாற்ற வேண்டுமானால் முதலில் ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்று பக் கண்டார். நம் கருத்தில் அவருடைய வாழ்வின் தலையாய முடிவு இதுவே. சிறந்த ஆட்டக்காரர் பத்துப் பேரைத் தேடிப் பிடித்துப் புகழ் ஈட்டுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அதை விடுத்து, 1920ஆம் ஆண்டு ஐந்தே மாணவர்களுடன் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஒரு கூடைப்பந்து அணிக்குச் சரியான எண்ணிக்கை; மாற்றாட்டக்காரர் ஒருவர்கூட இல்லை! அப்பள்ளியே வளர்ந்து, சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றின் கரையில் பரந்த வளாகம் கண்டு, ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியாயிற்று. உடலியங்கியல், முதலுதவி, கற்பிக்கும் முறை, நடுவர் பணி, களம் அமைக்கும் முறை ஆகிய யாவும் அங்குப் பாடங்களாயின. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்து மட்டுமன்றி, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மாணவர் வந்தனர். அதனை நிறுவியது ஒரு கிறித்தவ இயக்கம். அங்குப் பயின்று சென்றோர் எல்லாச் சமயத்தவரும் ஆவர்.

செங்கற்பட்டு வட்டாரத்தவராகிய நாம் இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளலாம். பக் வாழ்ந்த நாளில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக விளங்கியது சைதாப்பேட்டையே. ஆகவே, இந்த உடற்கல்விக் கதையில் நம் மாவட்டத்திற்கும் பங்குண்டு என்று உரிமை கொண்டாடினால் யாரும் மறுக்கப்போவதில்லை.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி புறப்பட்டது. சர் தொராப்ஜி டாடா பொருளும் செல்வாக்கும் தந்து முன்னின்றார். இளைஞர் சங்கத்தின் அகில இந்திய உடற்கல்வி இயக்குநர் டாக்டர் நோரன் ஏற்பாடுகளில் துணை நின்றார். தில்லியில் தேர்வுப் போட்டிகள் நடந்தன. அவ்வணியின் மேலாளராகச் சென்றவர் பக். தடை ஓட்டத்துக்கு லட்சுமணன், நீளந்தாண்டலுக்குத் தலீப் சிங், மாரத்தானுக்கு மகாதேவ் சிங் எனத் தனித்தனி மாகாணத்தவர் ஓரணியாயினர். அதே ஒலிம்பிக்கில் டென்னிசு ஆடிய இந்தியர்களுள் முகம்மது சலீம், சையது முகம்மது ஹாதி, அத்தர் அலி ஃபைஸி ஆகியோரும் இருந்தனர். இவர்களுள் ஹாதி பின்னாளில் ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டில் முதல் நூறு ஓட்டங்களைக் குவித்தவர் என்பது நம் மாணவர் பலருக்குப் புதுச்செய்தியாக இருக்கக்கூடும்.

பாரிசிலிருந்து பதக்கம் ஏதும் வரவில்லை. அதனால் அப்பயணம் வீண் என்று கருதிவிடலாகாது. மாகாணங்கள்தோறும் விளையாட்டுச் சங்கங்கள் அமைய வேண்டும், அவற்றை இணைக்கும் நடுவண் அமைப்பு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1927ஆம் ஆண்டு இந்திய ஒலிம்பிக் சங்கம் முறையாக உருப்பெற்றது. டாடா அதன் முதல் தலைவரானார். சென்னை மாகாண ஒலிம்பிக் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் பக் முன்னோடி. அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் அவர் பணியாற்றினார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூல் பயிற்சி ஆசிரியர்களின் கைந்நூலாயிற்று. ‘வியாயாம்’ என்னும் உடற்கல்வி இதழையும் நடத்தினார். அமெரிக்கர் ஒருவர் தம் இதழுக்கு வடமொழிப் பெயரைத் தேர்ந்ததும், கூடைப்பந்தோடும் கைப்பந்தோடும் சடுகுடுவுக்கும் இடமளித்ததும் அவர்தம் மனப்பாங்கைக் காட்டும். வந்த நாட்டின் ஆட்டத்தை இகழ்ந்து தம் நாட்டு ஆட்டத்தைத் திணித்தவர் அல்லர் அவர்.

2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றபோது நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் நம் கடற்கரைக்கு வந்தன. அங்கு அணிகள் பலவற்றுக்கும் ஆடாத் தலைவர் என்று ஒருவர் இருந்தார். எவர் ஆடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வது அவர் பொறுப்பு. ஆட்டம் தொடங்கிய பின் காய் நகர்த்தல் பற்றி அவர் ஒரு சொல்லும் உரைக்கலாகாது. வெண்கலம் வென்ற இந்திய ‘ஆ’ அணியின் இளைஞர்கள் பெயரை அறிந்த நம்மில், அவ்வணியின் ஆடாத் தலைவர் ஆர்.பி. ரமேஷ் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? கூடைப்பந்தின் பயிற்சியாளருக்காவது இடைநிறுத்தம் கேட்டு அணியைக் கூட்டிப் பேசும் உரிமை உண்டு. முற்பாதியில் இருமுறை, பிற்பாதியில் மும்முறை. எஞ்சிய நேரமெல்லாம் அவரும் வெளியே நிற்பவரே.

பள்ளிகளில் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்கென்று கடன் வாங்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. கடன் என்பது மரியாதைக்குச் சொல்வது. திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. மதிப்பெண் ஒன்றையே குறியாகக் கொண்ட பெற்றோரும் இதற்குத் துணை நிற்கின்றனர். பக் எதிர்த்து நின்ற நிலை நூறாண்டு கடந்தும் வேறு உருவில் தொடர்வது நம்மை வருத்தவே செய்கிறது.

தம் இறுதிக் காலம் வரை அக்கல்லூரியின் முதல்வராகவே பக் இருந்தார். உலகப் போர் மூண்டிருந்த 1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் மறைந்தார். இந்தியாவின் கூடைப்பந்துக் கூட்டமைப்பு அமைந்த 1950ஆம் ஆண்டைக் காண அவர் இல்லை. 1951ஆம் ஆண்டு தில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியையும் அவர் காணவில்லை. அவரிடம் பயின்றோர் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உடற்கல்வி இயக்குநர்களாயினர். அவர்களிடம் பயின்றோர் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தனர். அவர் பெயரால் கல்லூரி அணிகளுக்கு நினைவுப் போட்டிகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன. நந்தனம் வழியே பேருந்தில் செல்லும் மாணவர்கள் இடப்புறமோ வலப்புறமோ அந்த மரங்கள் அடர்ந்த வளாகத்தைக் கண்டிருப்பர். மாலைப் பொழுதானால் அங்கே எவரேனும் ஒருவர் கழுத்தில் ஊதலுடன் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார்.