வக்கீல் காந்தி

மலர்க் குழுவினர் இந்த வருஷமும் கட்டுரை கேட்டுவிட்டார்கள். மறுக்க முடியவில்லை. நான் வெள்ளகவிக்காரன். கோர்ட்டில் அடிபட்டவர்களின் நஷ்டஈட்டு வழக்குகளையே அதிகம் நடத்தியவன். ஆகவே மகாத்மாவை விட்டுவிட்டு, வக்கீல் காந்தியைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு ரோடு கிடையாது. யாருக்காவது அடிபட்டால் டோலி கட்டி, கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்குத் தூக்கி வரணும். உயிர் தப்பினால் போதும் என்றுதான் நினைப்பார்கள். காயத்துக்கு ஈடு கேட்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் வராது.

காந்தி 1869-ல் போர்பந்தரில் பிறந்தார். 1891 ஜூனில் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பி, பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் முதல் வழக்கு. குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது, நா எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் ஃபீஸையும் திருப்பிக் கொடுத்தார். முதல் நாள் கோர்ட்டில் வியர்த்துப்போகும் நம் ஜூனியர்கள் இதை மறக்கவேண்டாம்.

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். சுமார் 40,000 பவுன் வழக்கு, எதிராளியும் உறவுக்காரர்தான். இரு தரப்பையும் பேசி மத்தியஸ்தத்துக்குக் கொண்டுவந்தார். தன் கட்சி ஜெயித்த பிறகும், தோற்றவர் திவாலாகாமல் இருக்கப் பணத்தைத் தவணையாக வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்.

அடுத்த வருஷம் டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதம்கூட ஆகவில்லை. ஒரு தமிழர் அழுதுகொண்டே வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம், ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெரிய மனுஷர் முன்னால் அப்படித்தான் நிற்கணும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஆபீஸில் இருந்த தமிழ் குமாஸ்தா விஷயத்தை விளக்கினார்.

அப்புறம் காந்தி செய்ததை நம் சட்ட மாணவர்கள் கவனிக்கணும். நேரே டாக்டரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் வாங்கினார். பிறகு பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளிக்குச் சம்மன் போயிற்று. அந்தக் காலத்தில் ஒப்பந்தக் கூலி முதலாளியை விட்டுப் போனாலே குற்றம், ஜெயில்தான். ஆகவே முதலாளியைத் தண்டிப்பதைவிட, பாலசுந்தரத்தை அவரிடமிருந்து மீட்பதுதான் முக்கியம் என்று காந்தி கண்டார். ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்ற முதலாளியைச் சம்மதிக்க வைத்து, புது முதலாளியையும் தேடிப் பிடித்தார். மாஜிஸ்திரேட் பழைய முதலாளியைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, மாற்றச் சம்மதித்ததையும் பதிவு செய்தார். சேதி பரவி, கூலிகள் வரிசையாக அவர் ஆபீஸுக்கு வர ஆரம்பித்தார்கள். கூலிகள்மேல் விழுந்த 3 பவுன் தலைவரியை எதிர்த்த நீண்ட போராட்டத்துக்கு இந்தப் பழக்கம்தான் வித்து. அந்த வரி 1914-ல் ஒழிந்தது.

அவருக்கே அடிபட்டபோது கதை வேறு. பிரிட்டோரியாவில் ஜனாதிபதி குரூகர் வீட்டருகே நடைபாதையில் போனதற்காகப் போலீஸ்காரன் உதைத்துத் தள்ளினான். நேரில் பார்த்த வெள்ளைக்கார நண்பர் கோட்ஸ் சாட்சி சொல்லத் தயார் என்றும், சொந்த வருத்தத்துக்காகக் கோர்ட் ஏறுவதில்லை என்று மறுத்துவிட்டார். 1897 ஜனவரியில் டர்பன் கும்பல் அவரைக் கல்லாலும் கையாலும் அடித்தது. குடியேற்ற மந்திரி சேம்பர்லின் லண்டனிலிருந்து தந்தியடித்தும், வழக்கு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். 1908-ல் மீர் ஆலம் தாக்கியபோதும் அதே முடிவுதான். ஆனால் அது பொதுக் குற்றம் என்று மற்றவர்கள் வற்புறுத்தவே, மீர் ஆலமுக்குத் தண்டனை கிடைத்தது.

இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன், சுமை தூக்கும்போது விழுந்து கை முறிந்த எங்கள் மலைக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். முதலாளி தரப்பு ஆட்கள், காந்தியே மன்னித்தாரே, நீ என்ன பெரிய ஆளா என்று கேட்டிருந்தார்களாம். மனுஷர் பாதி ஒப்புக்கொண்டும்விட்டார். நான் பாலசுந்தரம் கதையைச் சொன்னேன். தன் காயத்தை மன்னிக்கிற உரிமை அடிபட்டவனுக்கு உண்டு. அடித்தவனுக்காக மற்றவர்கள் அந்த மன்னிப்பைக் கேட்டு வாங்க உரிமை இல்லை. காந்தி தன் காயத்தை விட்டார்; பாலசுந்தரத்தின் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார்.

அப்போது 1923-ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. நாங்களும் சண்டையை வளர்க்கவில்லை, சமாதானம்தான். ஆனால் ஒப்பந்தம் கமிஷனர் முன்னால் முறைப்படி பதிவாயிற்று. கையெழுத்து போட வந்த அன்று அவர் துண்டு தோளில் இருந்தது.

1922-ல் இன்னர் டெம்பிள் காந்தியின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1988-ல்தான் திரும்பச் சேர்த்தது. அதற்குள் அவர் மறைந்து 40 வருஷம். பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் வக்கீல்தான். இந்த மலரைப் படிக்கும் சட்ட மாணவத் தம்பி, தங்கைகளே, நாளைக்கு உங்கள் ஆபீஸ் வாசலில் ஒருவர் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்பார். வழக்குக் கட்டை அப்புறம் பிரிக்கலாம். முதலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள்.