நடக்காமலே வழியைச் சொன்னவர் (கணித மேதை லியோனார்டு ஆய்லர் வாழ்க்கை வரலாறு)

 

மேதைகள் வரிசையில் இந்த மாதம் நான் எழுதுவது லியோனார்டு ஆய்லர் பற்றி. கனசதுரத்துக்கு முனை எத்தனை, விளிம்பு எத்தனை, முகம் எத்தனை என்று எண்ணிப் பார்த்திருப்போமே, அந்தக் கணக்கின் சூத்திரம் இவருடையதுதான். இவர் இறந்து 240 வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இவர் காலத்தில் கரண்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் இன்றைக்குக் கம்ப்யூட்டர் புரோகிராமில் எந்த இடம் அளவுக்கு மீறிச் சிக்கலாக இருக்கு என்று இயந்திரமே தேடிக் கண்டுபிடிக்கிறது. அதற்கு அடியில் இருப்பது இவருடைய எண்ணிக்கைதான். அது எப்படி என்று பார்ப்போமா?

பிறப்பும் படிப்பும்

ஆய்லர் 1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்து நாட்டில் பாசெல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பால் ஆய்லர் ஒரு பாதிரியார். மகனும் பாதிரியார் ஆக வேண்டும் என்பதே அப்பாவின் ஆசை. ஆய்லர் 13 வயதிலேயே பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். அங்கே யோகான் பெர்னூலி என்ற பெரிய கணித அறிஞர் இருந்தார். அவருக்குத் தனியாக டியூசன் எடுக்க நேரமில்லை. கடினமான புத்தகங்களைச் சொல்லி, தானாகவே படிக்கச் சொன்னார். புரியாத இடங்களை மட்டும் சனிக்கிழமை மதியம் வந்து கேட்கலாம் என்றார். வாரம் முழுக்கத் தானே முட்டி மோதிப் படித்து, சனிக்கிழமைக்குக் கொஞ்சம் சந்தேகம் மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு போவாராம் ஆய்லர். பெர்னூலிதான் அப்பாவிடம் பேசி, பையனைக் கணக்குப் படிக்க விடும்படி சம்மதிக்க வைத்தார். ஒரு நல்ல ஆசிரியர் வீட்டில் வந்து பேசினால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே மாறும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

1727-இல், 20 வயதில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியல் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1734-இல் கேதரினா என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 13 குழந்தைகள் பிறந்தன. ஆனால் குழந்தைப் பருவம் தாண்டிப் பிழைத்தவர்கள் 5 பேர்தான்.

ஏழு பாலக் கணக்கு

அந்தக் காலத்தில் கோனிக்ஸ்பர்க் என்று ஒரு ஊர். இப்போது அது ரஷ்யாவில் கலினின்கிராடு என்ற பெயரில் இருக்கு. ஊருக்குள் பிரீகல் என்ற ஆறு ஓடி, நிலத்தை 4 துண்டாகப் பிரித்தது. அவற்றை இணைக்க 7 பாலங்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஒரே ஒரு முறை மட்டும் நடந்து, ஏழையும் முடிக்க முடியுமா என்பது அந்த ஊர் மக்களுக்குப் பெரிய புதிர். நம்ம பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் காவிரி மேல் பாலம் இருக்கிற மாதிரிதான். அங்கே கொஞ்சம் நெருக்கமாக ஏழு இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாரும் நடந்து நடந்து பார்த்தார்கள். ஆய்லர் நடக்கவே இல்லை. 1735-இல் எண்ணிப் பார்த்தே விடை சொன்னார். நிலத்தை ஒரு புள்ளியாக நினைத்துக்கொள், பாலத்தை ஒரு கோடாக நினைத்துக்கொள். ஒரு புள்ளிக்குள் ஒரு கோட்டில் வந்தால் இன்னொரு கோட்டில் வெளியே போக வேண்டும். அப்படியென்றால் கோடுகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் மட்டும் ஒற்றைப்படையாக இருக்கலாம். கோனிக்ஸ்பர்க்கில் ஒரு துண்டுக்கு 5 பாலம், மற்ற மூன்றுக்கும் மும்மூன்று பாலம். நாலுமே ஒற்றைப்படை! ஆகவே முடியவே முடியாது.

செய்து பாருங்கள்: ஒரு சதுரம் போட்டு உள்ளே பெருக்கல் குறி போடுங்கள். கை எடுக்காமல், போன கோட்டிலேயே திரும்பப் போகாமல் வரைய முடியாது. அதன் தலையில் ஒரு கூரை போட்டு வீடு மாதிரி ஆக்கினால் வரைந்துவிடலாம். ஆனால் கீழ் மூலையில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் எத்தனை கோடு சேருது என்று எண்ணுங்கள், காரணம் தானாகத் தெரியும்.

அறைகளை எண்ணும் சூத்திரம்

1741-இல் ஆய்லர் ஜெர்மனியின் பெர்லின் நகரத்துக்குப் போய் 25 வருசம் இருந்தார். அங்கே 1750-இல் கண்டுபிடித்ததுதான் முனை, விளிம்பு, முகம் சூத்திரம். கனசதுரத்துக்கு முனை 8, விளிம்பு 12, முகம் 6. முனையில் விளிம்பைக் கழித்து முகத்தைக் கூட்டினால் 2 வரும்.

தாளில் வரைகிற படத்துக்கும் இது சரியாக வரும், கோடுகள் துண்டாக நிற்காமல், ஒன்றை ஒன்று வெட்டாமல் இருந்தால் போதும். முனைக்குப் பதில் புள்ளி, விளிம்புக்குப் பதில் கோடு, முகத்துக்குப் பதில் அறை. படத்துக்கு வெளியே இருக்கிற இடத்தையும் ஒரு அறை என்று கணக்கில் சேர்க்க வேண்டும். சதுரத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் புள்ளி 4, கோடு 5, அறை 3. இதிலும் விடை 2. இதையே மாற்றி எழுதினால், அறைகள் = கோடுகள் − புள்ளிகள் + 2. இந்த வரியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

கண் போனது, கணக்கு போகவில்லை

30 வயதைத் தாண்டும்போதே ஆய்லருக்கு வலது கண் பார்வை போய்விட்டது. 1766-இல் மறுபடியும் பீட்டர்ஸ்பர்க் வந்த பிறகு இடது கண்ணில் புரை வளர்ந்தது. 1771-இல் ஆபரேசன் செய்தார்கள், சரியாகவில்லை. ஏறக்குறைய முழுக்கப் பார்வை இழந்தார். அதே வருசம் தீ விபத்தில் அவர் வீடும் எரிந்தது. அவரைத் தூக்கி வந்து காப்பாற்றினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆய்லர் மனசிலேயே கணக்குப் போட்டு வாயால் சொல்லச் சொல்ல, மகன்களும் உதவியாளர்களும் எழுதினார்கள். 1775 ஒரு வருசத்தில் மட்டும் 50-க்கும் மேல் கட்டுரைகள்! வாழ்நாளில் எழுதியது 850-க்கும் அதிகம். 1783 செப்டம்பர் 18 அன்று புதிதாகக் கண்டுபிடித்த யுரேனஸ் கிரகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அன்றே, 76 வயதில் காலமானார்.

கம்ப்யூட்டருக்கு வந்த ஆய்லர்

அவர் இறந்து 193 வருசம் கழித்து, 1976-இல், அமெரிக்காவில் தாமஸ் மெக்கேப் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு புரோகிராம் எவ்வளவு சிக்கல் என்பதை ஒரு எண்ணாகச் சொல்ல முடியுமா என்பதே அவர் கேள்வி.

நம்ம ஊர் முட்டையை வைத்தே பார்ப்போம். முட்டை எடை 50 கிராமுக்கு மேல் என்றால் பெரிய ட்ரே, இல்லாவிட்டால் சின்ன ட்ரே. இதுதான் புரோகிராம். கேள்வி ஒரு புள்ளி, பெரிய ட்ரே ஒரு புள்ளி, சின்ன ட்ரே ஒரு புள்ளி, இரண்டும் திரும்ப ஒன்று சேரும் இடம் ஒரு புள்ளி. மொத்தம் புள்ளி 4, கோடு 4. வரைந்தால் பட்டம் மாதிரி இருக்கும். 4 − 4 + 2 = 2. பட்டத்துக்குள் ஒரு அறை, வெளியே ஒரு அறை. ஆய்லரின் அதே அறைக் கணக்கு! ஓட்டில் கீறல் இருக்கா என்று அடுத்த கேள்வி சேர்த்தால் பட்டத்துக்குக் கீழே இன்னொரு பட்டம். புள்ளி 7, கோடு 8, விடை 3. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று கூடும்.

இதில் என்ன லாபம்? ஒரு கேள்வி என்றால் போகும் வழி 2. இரண்டு கேள்வி என்றால் 4. பத்து கேள்வி என்றால் 1024 வழி. இருபது என்றால் 10,48,576 வழி! அத்தனை வழியிலும் ஒவ்வொன்றாகப் போய்ச் சோதிப்பது பெரும்பாடு. ஆனால் மெக்கேப் எண் 21 என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம். ஏழு பாலத்திலும் நடக்காமல் ஆய்லர் விடை சொன்னாரே, அதே வழிதான். புரோகிராமை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், எண்ணினால் போதும். எண் 10-ஐத் தாண்டினால் அந்தத் துண்டைப் பிரித்து எழுதுவது நல்லது என்றார் மெக்கேப்.

எண்ணுகிற வேலையை இப்போது மனிதர்கள் செய்வதில்லை. ஒரு புரோகிராமே இன்னொரு புரோகிராமை வரி வரியாகப் படித்து எண்ணிவிடும். பைத்தான் மொழிக்கு ரேடான் என்று ஒன்று இருக்கு. அது நம்ம ரேங்க் கார்டு மாதிரி கிரேடு போடும். 1 முதல் 5 வரை ஏ, 6 முதல் 10 வரை பி, 41-உம் அதற்கு மேலும் என்றால் எஃப்.

இது நமக்கு எதுக்கு?

எங்கப்பா லாரி ஓட்டுகிறார். இந்த வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் லாரியோ, லாரி பட்டறையோ, ரிக் வண்டியோ சோறு போடுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு புது லாரியில் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அப்பா பெடலை மிதிக்கிறார், ஆனால் நடுவில் ஒரு புரோகிராம் இருக்கு. அது சிக்கலாக இருந்தால் மெக்கானிக்குக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் 2007-இல் ஒரு டொயோட்டா கார் நிற்காமல் ஓடி, ஒருவர் இறந்தார், ஒருவர் காயமடைந்தார். வழக்கு 2013-இல் நடந்தது. காரின் புரோகிராமைச் சோதித்துப் பார்த்த, பாதிக்கப்பட்டவர் தரப்பு நிபுணர், அதில் 67 துண்டுகளுக்கு மெக்கேப் எண் 50-க்கு மேல் என்றும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் முக்கியமான துண்டுக்கு 100-க்கு மேல் என்றும் சாட்சி சொன்னார். 2011-இல் நாசா ஆராய்ந்தபோது மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கம்பெனியும் மறுத்தது. ஆனாலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ராத்திரி அப்பா போன் வரும் வரை எங்கம்மா தூங்க மாட்டார். அந்த வண்டிக்குள் இருக்கிற புரோகிராமை யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

எண் மட்டும் போதுமா?

போதாது. 12 தமிழ் மாதப் பெயரைச் சொல்ல 12 கேள்வி வைத்து எழுதினால் எண் 13 வரும். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புரியும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்து எழுதிய புரோகிராமுக்கு எண் வெறும் 1 தான். ஆனால் விடை தப்பு. ஆகவே, எங்கே பார்க்க வேண்டும் என்றுதான் இயந்திரம் விரல் நீட்டும். படித்துப் பார்த்துச் சரி செய்வது மனிதர் வேலை. நெற்றியில் கை வைத்தால் காய்ச்சல் தெரியும், என்ன நோய் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம்ம வாசலிலும் இந்தக் கணக்கு இருக்கு. மார்கழியில் போடும் சிக்குக் கோலத்தில் புள்ளியும் கோடும் அறையும்தானே! தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக மாற்றி 1974-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சிக்கலைப் பிரிக்கத் தெரிந்த பாட்டிமார் எல்லாரும் பாதி ஆய்லர்கள்தான்.

சிந்திக்க: முட்டை பிரிக்கும் புரோகிராமில் நிறம் பழுப்பா என்று மூன்றாவது கேள்வியும் சேர்த்தால் அறைகள் எத்தனை, வழிகள் எத்தனை? படம் வரைந்து விடையை இந்தத் தாளுக்குக் கீழே உள்ள அட்டைப் பெட்டியில் போடுங்கள். சரியான விடை சொன்னவர் பெயர் அடுத்த இதழில் வரும்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி