பறவையியல் மேதை சலீம் அலி

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வெளியானவுடன், பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது, எத்தொழிலில் சேர்ப்பது என்ற கவலை நம் இல்லங்களில் எழுகின்றது. நமக்குத் தெரிந்த இரண்டொரு வழிகளையே நாம் அவர்களுக்குக் காட்டுகின்றோம். நமக்குச் சிறிதும் தெரியாத துறையொன்றில் பிள்ளையின் மனம் சென்றால் என்ன செய்வது? இந்தியப் பறவையியலின் முன்னோடியாகிய சலீம் அலி அவர்களின் வரலாறு இதற்கு நல்லதொரு விடை தருகின்றது.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில், பல பிள்ளைகள் கொண்ட முஸ்லிம் குடும்பத்தில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பெற்றோரை இழந்த அப்பிள்ளைகளைத் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி அவர்களும், மக்கட்பேறு வாய்க்காத மாமி ஹமீதா பேகம் அவர்களும் கேத்வாடியில் உள்ள தம் இல்லத்தில் வைத்துத் தம் மக்களாகவே வளர்த்தனர்.

சலீமுக்குப் பத்து வயதளவில், விளையாட்டுத் துப்பாக்கியால் குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று காணப்பட்டது. இத்தகைய பறவை உண்ணத் தக்கதுதானா என்ற ஐயம் எழவே, அதனை மாமாவிடம் கொண்டு சென்றார். மாமா வேட்டையில் தேர்ந்தவர். ஆயினும் அது இன்ன பறவை என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவோ, வீண் வேலை என்று சிறுவனை அதட்டவோ அவர் முற்படவில்லை. தாம் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அக்கடிதமே சலீமின் வாழ்க்கையைத் திருப்பியது. அக்குருவியை அடையாளம் கண்டு கூறிய மில்லார்டு, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை எல்லாம் காட்டினார். நூல்களையும் படிக்கக் கொடுத்தார்.

எனினும் அவருடைய பாதை நேராக அமைந்துவிடவில்லை. தீராத தலைவலியால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். பின்னர் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய்க்குச் சென்றார். அங்கும் காட்டுப் பறவைகளின் பின்னேயே அவர் மனம் சென்றது. 1917இல் மும்பை திரும்பி, வணிகக் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். அவருடைய உண்மையான ஆர்வத்தைக் கண்டுகொண்ட பாதிரியார் பிளாட்டர், புனித சவேரியார் கல்லூரியில் விலங்கியல் படிக்கும்படி தூண்டினார்.

1918 டிசம்பரில் தஹ்மினா அவர்களை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் அவர் விரும்பிய பறவையியலாளர் பணி கிட்டவில்லை. 1926இல் மும்பை அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராகச் சேர்ந்தார். 1928இல் விடுப்பெடுத்து ஜெர்மனி சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மான் அவர்களிடம் பயிற்சி பெற்றார். 1930இல் தாயகம் திரும்பியபோது, நிதியின்மையால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

உயர்ந்த பயிற்சி இருந்தும் ஊதியம் இல்லாத நிலை! குருவிகளை விட்டுவிட்டு வருமானம் வரும் வேலையைத் தேடுங்கள் என்று தஹ்மினா அவர்கள் வற்புறுத்தியிருந்தால், அதனை எவரும் குறை கூற இயலாது. அவரோ கணவரின் நாட்டத்திற்குத் துணை நின்றார். கடலோரச் சிற்றூரான கிஹிமில், மனைவியின் குடும்பத்தாருக்குரிய வீட்டில் இருவரும் குடியேறினர். அங்கே தூக்கணாங்குருவிகளின் வாழ்க்கை முறையைச் சலீம் அலி நுணுகி ஆராய்ந்தார். அவ்வாய்வே அவருக்கு அறிவுலகில் பெயர் தேடித் தந்தது. பின்னர்ச் சமஸ்தானங்களில் ஊதியம் பெறாமல், பயண, முகாம் செலவுகளை மட்டும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுப் பறவைக் கணக்கெடுப்புகளை நடத்தினார்.

1939இல் தஹ்மினா காலமானது அவருக்குப் பேரிடியாயிற்று. அப்போதும் குடும்பம் கைவிடவில்லை. சகோதரி கமூவும் மைத்துனர் ஹசன் அலியும் தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தனர். இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1941இல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய 10 தொகுதிகள் கொண்ட பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளியாயிற்று. 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகள் பெற்றார். 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். 1987 ஜூன் 20ஆம் நாள், தமது 90ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய ஆய்வு மையம் 1990இல் நம் மாநிலத்துக் கோவையில் நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றில் சலீம் அலியை ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கென்று எவரும் திட்டமிட்டு வளர்க்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும். மாமா அறிந்தவரிடம் அனுப்பினார். ஆசிரியர் திறமையை இனங்கண்டார். மனைவி வறுமைக்கு அஞ்சாது உடன் நின்றார். சகோதரி துயர நாளில் நிழல் தந்தார். ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் செய்தமையால் ஓர் அநாதைச் சிறுவன் உலகறிந்த அறிஞரானார்.

அடி அண்ணாமலையில் வாழும் நம் பிள்ளைகளும் மலையடிவாரத்துப் பறவைகளைக் காண்கின்றனர். நமக்கு விடை தெரியாத கேள்விகளைக் கேட்கின்றனர். அவ்வேளையில் அவர்களின் வாயை அடைக்காமல், விடை அறிந்தவர் யார் என்று தேடி அவரிடம் அழைத்துச் செல்வோமாக. ஜமாஅத்தில் ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், வணிகர் எனப் பல துறையினர் இருக்கின்றனர். தம்மை நாடி வரும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதும், தக்கவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பதும் அவர்களால் இயலாதவை அல்ல.