உயிரணுவுக்குள் பயிர்களின் வரலாற்றைத் தேடிய ஜானகி அம்மாள்: கரும்பு முதல் அமைதிப் பள்ளத்தாக்கு வரை

திருவனந்தபுரம்: தமிழகத்தின் களியக்காவிளையைக் கடந்ததும் தொடங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்களில் நேந்திரன், செவ்வாழை ஆகியவை பரவலாகப் பயிரிடப்படுகின்றன. இவ்வாழைகள் விதையால் அல்லாமல் கன்றுகளால் பெருக்கப்படுவதற்கான முக்கியக் காரணம் அவற்றின் உயிரணுக்களுக்குள் உள்ளது. பயிர்களின் உயிரணுக்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள். இக்கிராமங்களுக்கு அருகேயுள்ள திருவனந்தபுரத்தில், மகாராஜா அறிவியல் கல்லூரியின் பேராசிரியராக அவர் 1932 முதல் 1934 வரை பணியாற்றினார். அப்போது இக்கிராமங்களும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஒன்றாக இருந்தன.

உயிரணுவுக்குள் என்ன இருக்கிறது?

தாவர உயிரணுவைச் சுற்றி உறுதியான சுவரும், அதன் உட்புறம் மெல்லிய சவ்வும் உள்ளன. உள்ளே நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தில், பசுங்கணிகங்கள் சூரிய ஒளியைக் கொண்டு உணவைத் தயாரிக்கின்றன. மைட்டோகாண்டிரியாக்கள் அந்த உணவிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. இப்பணிகளை நெறிப்படுத்தும் மரபுச் செய்தியின் பெரும்பகுதி, உட்கருவிலுள்ள குரோமோசோம் என்னும் இழைகளில் பொதிந்துள்ளது.

உயிரணு பிரியும் வேளையில் இந்த இழைகள் தடித்துத் தெளிவாகத் தெரியும். வளரும் வேர்நுனியை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அவற்றை எண்ண முடியும். காட்டு வாழையில் 11 குரோமோசோம்கள் கொண்ட இரண்டு தொகுதிகள் உள்ளன. நேந்திரனிலும் செவ்வாழையிலும் மூன்று தொகுதிகளாக 33 உள்ளன. இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாகும்போது மூன்று தொகுதிகள் சமமாகப் பிரிய இயலாததால் விதை உருவாவது தடைபடுகிறது.

தலச்சேரி முதல் கோவை வரை

1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்த பின், பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கு முதுநிலைப் பட்டத்தையும், 1931-இல் அறிவியல் முனைவர் பட்டத்தையும் பெற்றார். பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாக இருந்த காலம் அது.

திருவனந்தபுரத்திலிருந்து 1934-இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த தடித்த கரும்பில் 80 குரோமோசோம்கள் உள்ளன. வறட்சியையும் நோயையும் தாங்கும் காட்டுக் கரும்பிலோ அவற்றின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. இவ்விரண்டின் இயல்புகளையும் ஒன்றுசேர்க்கும் முயற்சி கோவையில் ஏற்கெனவே நடந்துவந்தது. அக்கலப்புகளின்போது உயிரணுவுக்குள் நிகழும் மாற்றங்களை ஜானகி அம்மாள் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடன் கலந்து உருவாக்கிய கலப்பினம் குறித்த அவரது கட்டுரை 1938-இல் நேச்சர் இதழில் வெளியானது. எனினும், ஆண்களே நிறைந்திருந்த ஆய்வுச் சூழலில் திருமணம் செய்துகொள்ளாத பெண்ணாக அவர் பல இடர்ப்பாடுகளை எதிர்கொண்டார்.

போர்க்கால லண்டனில்

1939-இல் எடின்பரோவில் நடைபெற்ற மரபியல் மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டதால் அவர் பிரிட்டனிலேயே தங்கினார். லண்டன் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் பணியாற்றிய அவர், சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து தொகுத்த, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரநூல் 1945-இல் வெளியானது. பின்னர் வைஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில், கால்சிசின் என்னும் வேதிப்பொருளால் மக்னோலியா செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் ஆய்வை மேற்கொண்டார். அங்கு உருவான ஒரு மக்னோலியா வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பிய அவர், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பில் ஈடுபட்டார். 1955-இல் பிரின்ஸ்டனில், பூமியின் தோற்றத்தை மனிதர் மாற்றிவருவது பற்றி நடந்த கருத்தரங்கில் பங்கேற்ற ஒரே பெண் அவரே.

காட்டைக் காக்க எழுந்த குரல்

1970 முதல் சென்னையில் வாழ்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புதிய பயிர்களை உருவாக்குவதில் பல்லாண்டுகளைச் செலவிட்ட அவர், அப்பயிர்களுக்கு மூலமான காட்டுத் தாவரங்கள் அழிவதைக் கண்டு கவலையுற்றார். பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு மழைக்காட்டை மூழ்கடிக்கவிருந்த நீர்மின் திட்டத்தை முதிய வயதிலும் எதிர்த்ததுடன், அங்குள்ள மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியிலும் இறங்கினார்.

1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தாவர வகைப்பாட்டியலுக்கான மத்திய அரசின் தேசிய விருது 1999 முதல் அவரது பெயரால் வழங்கப்படுகிறது.