இரைச்சலை ஒதுக்காத அறிஞர்

மழைச் சத்தத்தில் பாடம் காதில் விழாவிட்டால் நாம் இரைச்சலைக் குறை கூறுகிறோம். ஆனால் இரைச்சல் என்று எண்ணியதை ஆராய்ந்தே புகழ் பெற்றார் ஒருவர். அவர் எட்கர் ஏட்ரியன்.

1889-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிறந்த ஏட்ரியன், கேம்பிரிட்ஜில் கீத் லூக்காஸிடம் நரம்பாய்வு பயின்றார். ஆசிரியர் 1916-இல் விமான விபத்தில் மறையவே, போருக்குப்பின் அவர் பணியை மாணவர் தொடர்ந்தார்.

1925-இல் தவளைத் தசையொன்றின் நரம்பைக் கருவியுடன் இணைத்தார். ஓயாத அதிர்வு! கருவியின் பழுது என்றே முதலில் நினைத்தார். தசையைத் தாங்கலாகக் கிடத்தியதும் அதிர்வு நின்றது. தொங்கவிட்டதும் மீண்டும் வந்தது. தன் எடையால் இழுபட்ட தசை, நரம்பின் வழியே அனுப்பிய செய்தியே அது!

தூண்டல் ஓர் எல்லையை எட்டினால்தான் நரம்பு துடிக்கும். துடித்தால் முழுமையாகவே துடிக்கும். தூண்டல் வலுத்தால் துடிப்பு பெரிதாகாது, அடிக்கடி வரும். இவ்வாறு நரம்புகளின் செயலை விளக்கிய ஏட்ரியன், 1932-இல் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1977-இல் காலமானார்.

எல்லையை எட்டாத மெல்லிய தூண்டல் வீணாகிவிடுமா? அவர் மறைந்து 16 ஆண்டுகளுக்குப்பின், 1993-இல், அமெரிக்க ஆய்வாளர்கள் இறாலுக்கு உறவான நன்னீர் உயிரொன்றின் வால் மயிர்களைச் சோதித்தனர். நீரின் மெல்லிய, சீரான அசைவுடன் ஒழுங்கற்ற அசைவையும் அளவாகச் சேர்த்தனர். மெல்லிய அசைவு உயரும் வேளையில் இந்த இரைச்சலும் கைகொடுக்க, நரம்பு எல்லையைத் தாண்டித் துடித்தது, செய்தி தெளிவாயிற்று. இரைச்சல் மிகுந்தபோதோ செய்தி அதில் அமிழ்ந்தது.

எதையும் பழுதென்று தள்ளுமுன், ஏட்ரியனைப் போல நாமும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போமாக!